நெஞ்சு எழும்பாத ஒன்றரை நிமிடம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பொம்மை சிஸ்டர் என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளியே உதட்டைப் பிதுக்குவார்.

பிரசவ வார்டில் பத்தொன்பது வருஷம். அதில் கடைசி எட்டு வருஷமாக, பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையை எப்படி மீட்பது என்று மற்ற நர்ஸ்களுக்குச் சொல்லித் தரும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. அதற்காகக் கொடுத்ததுதான் அந்த ரப்பர் பொம்மை. பிறந்த குழந்தையின் அளவு, எடை. நெஞ்சைச் சரியான ஆழத்துக்கு அழுத்தினால் உள்ளே டக் என்று ஒரு சத்தம் கேட்கும்.

ஒரு தடவை பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வகுப்பெடுக்கப் போனாள். பொம்மை பையில் அடங்கவில்லை. துண்டில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். "ஐயோ, கைக்குழந்தையோட நிக்கிறீங்களே" என்று ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். கால் வலிக்கு இதமாக இருந்ததால் இவளும் மறுக்காமல் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் சும்மா இருந்திருக்கலாம். ஆசையாகத் துண்டை விலக்கி முகத்தைப் பார்த்தாள். அந்த அலறலில் டிரைவர் பிரேக் போட்டார். அந்த டிரைவர் வேறு யாருமில்லை, இவளுடைய புருஷன். அன்றிலிருந்து நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்து, இப்போது இரண்டு பேர் மயக்கம் போட்டு விழுகிற அளவுக்கு வந்திருக்கிறது.

வகுப்பில் அவள் கறார். "உங்க ரெண்டு கையாலயும் மார்பைச் சுத்திப் பிடிங்க. விரலெல்லாம் முதுகுப் பக்கம். கட்டைவிரல் ரெண்டும் முன்னாடி, முலைக்காம்புக்குக் கொஞ்சம் கீழே, நடு எலும்பு மேல. மார்போட கனத்துல மூணுல ஒரு பங்கு உள்ளே போகணும். அழுத்தினதும் விட்டுடணும், ஆனா விரல் நெஞ்சை விட்டு எழும்பக் கூடாது. மூணு அழுத்து, ஒரு மூச்சு. நிமிஷத்துக்குத் தொண்ணூறு அழுத்து, முப்பது மூச்சு." இப்படிச் சொல்லிவிட்டு ஒரு விநாடி நிறுத்துவாள். "ஆனா ஒண்ணு. நெஞ்சுல கை வைக்கிறது கடைசி. பெரியவங்களுக்கு இதயம் நின்னுதான் மூச்சு நிக்கும். குழந்தைக்கு மூச்சு நின்னுதான் இதயம் நிக்கும். மூச்சு உள்ளே போனாலே நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது எழுந்துக்கும். அதனால முதல்ல மூச்சு, ரெண்டாவதும் மூச்சு, மூணாவதும் மூச்சு."

அவ்வளவு சொல்லிக்கொடுத்தவள் நிஜக் குழந்தையின் நெஞ்சில் கட்டைவிரல் வைத்தது அதுவரை இரண்டே தடவை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றுக்குத்தான் அது தேவைப்படும். இரண்டில் ஒன்று பிழைத்தது, ஒன்று போய்விட்டது.

வீட்டில் அவளும் புருஷனும்தான். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். புருஷனுக்குக் கூடப் பிறந்தவள் ஒரே தங்கை. இவளுக்கு நாத்தனார். அதே ஊரில், மூன்று பஸ் நிறுத்தம் தள்ளித்தான் வீடு. அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஆனால் ஆறு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. காரணம் ஒரே ஒரு பேச்சு.

நாத்தனாருக்கு இரண்டு கர்ப்பம் அடுத்தடுத்துக் கலைந்திருந்தது. இரண்டாவதில் ரத்தம் நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகி மீண்டு வந்தாள். உறவினர் வீட்டு விசேஷத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் யாரோ "அடுத்தது எப்போ?" என்று கேட்க, இவள் நர்ஸ் புத்தியில் சொல்லிவிட்டாள்: "போதும்மா. இனிமே உடம்பைக் கெடுத்துக்காதே. எல்லாருக்கும் எல்லாமும் அமையணும்னு இல்ல."

அக்கறையாகத்தான் சொன்னாள். ஆனால் வாயை விட்டுப் போனதும் அவளுக்கே அது வேறு மாதிரிக் கேட்டது. நாத்தனார் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பி, "உங்களுக்கு ஒண்ணு இருக்கு அண்ணி. அதான் வார்த்தை சுலபமா வருது" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். புருஷன் இரண்டு பக்கமும் தூது போய்ப் பார்த்தார். கடைசியில், "உங்க நடுவுல நான் வண்டி ஓட்டறதுக்கு, கண்ணைக் கட்டிக்கிட்டு மலைப்பாதையில ஓட்டலாம்" என்று கையைக் கழுவிவிட்டார். தங்கை மறுபடி கர்ப்பமாக இருக்கிறாள் என்ற செய்திகூட ஏழாம் மாசத்தில், யாரோ சொல்லித்தான் இவளுக்கு வந்தது. முப்பத்தொன்பது வயதில். இவள் காலண்டரைப் பார்த்துப் பிரசவத் தேதியை மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

கணக்குப்படி பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்த ஒரு நாள் அது.

அன்று மதியம் இரண்டே கால் மணி. சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் வாசல்வரை வந்து அறுந்தது. ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டபடி நடையில் உருண்டு வந்தது. எதிரே போய்ப் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

கம்பியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணி" என்றாள் நாத்தனார். உதடு காகிதம்போல இருந்தது. "வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு அண்ணி. வலி விட்டு விட்டு வரல, ஒரேயடியா இருக்கு."

போர்வையை விலக்கினாள். ரத்தம். வயிற்றில் கை வைத்தாள், பலகை. பத்தொன்பது வருஷ அனுபவத்துக்கு டாக்டர் வேண்டியிருக்கவில்லை. பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்துவிட்டது. உள்ளே குழந்தைக்குக் காற்று வருகிற குழாய் அறுந்துகொண்டிருக்கிறது. வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டபோது குதிரை ஓட்டமாகக் கேட்க வேண்டிய இதயம், களைத்த ஆள் மாடிப்படி ஏறுவதுபோலக் கேட்டது. எழுபது. பிறகு அறுபத்தைந்து.

"தியேட்டருக்கு. இப்பவே" என்றார் பிரசவ டாக்டர். ஐம்பது வயது அம்மாள், நடையிலேயே கையுறை மாட்டிக்கொள்கிறவர். குழந்தை டாக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் ஊரின் மறுகோடியில் இருந்தார். "பதினஞ்சு நிமிஷம். வந்துட்டே இருக்கேன். சிஸ்டர் இருக்காங்கல்ல?"

சிஸ்டர் இருந்தாள். டாக்டரின் முழங்கைக்குப் பின்னால் நின்று, "மேடம், இவ என் நாத்தனார்" என்றாள்.

டாக்டர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். பயிற்சி பெற்ற இன்னொரு நர்ஸ் பக்கத்து அறையில், தலை தெரிகிற பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். "வேற யாரு இருக்கா? நீயே சொல்லு" என்றார். இவள் குழந்தை மேசைப் பக்கம் போனாள்.

அது தியேட்டரின் மூலையில், தலைக்கு மேல் சூடு தரும் விளக்கோடு இருக்கும் சின்ன மேசை. துண்டுகளை விரித்தாள். தோளுக்கு அடியில் வைக்கச் சின்னத் துணிச் சுருள். காற்றுப் பை, முகமூடி, சளி உறிஞ்சும் குழாய். எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். கை பழக்கத்தில் ஓடியது, மனசு எங்கேயோ நின்றிருந்தது. அவளுக்கு உதவியாக வந்து நின்றவர் தியேட்டர் டெக்னீஷியன். கனத்த உடம்பு, எதற்கும் அசையமாட்டார் என்பதால் பாறை என்று பெயர். அவளிடமே பொம்மையில் பழகினவர்.

"நம்ம ஆளா, சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாண்ணே."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

நாத்தனாருக்கு முழு மயக்கம் கொடுத்தார்கள். மூன்று நிமிஷத்தில் குழந்தையை வெளியே எடுத்தார்கள். பெண். கொடியை வெட்டி இவள் கையில் கொடுத்தபோது ஈரத்துணியை வாங்கினதுபோல இருந்தது. கை கால் எதுவும் எதிர்க்கவில்லை. நீலமாக இருக்கிற குழந்தை அவளுக்குப் பழக்கம். இது வெள்ளையாக இருந்தது, சுவருக்குப் பூசின சுண்ணாம்புபோல.

மேசையில் போட்டு அழுத்தித் துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். ஈரத்துண்டைச் சுருட்டி வாளியில் எறிந்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தை யாரோ ஓடவிட்டார்கள். முகமூடியை வைத்துப் பையை அழுத்த ஆரம்பித்தாள். முப்பது விநாடி. பிறகு ஸ்டெதாஸ்கோப் குழலை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். ஒவ்வொரு துடிப்புக்கும் மேசை விளிம்பில் விரலால் தட்டினாள். ஆறு விநாடியில் நாலு தட்டு. அப்படியென்றால் நிமிஷத்துக்கு நாற்பது.

அறுபதுக்குக் கீழே போனால் நெஞ்சை அழுத்தணும். அந்த ஒரு வரி மட்டும் அவள் தலையில் மணியடித்தது. அதற்கு முன்னால் வருகிற வரி, அவளே ஆயிரம் பேருக்குச் சொன்ன வரி, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது.

"அண்ணே, பையை வாங்குங்க. நான் நெஞ்சைப் பிடிக்கிறேன்."

கையால் மார்பைச் சுற்றி வளைத்தாள். இரண்டு கட்டைவிரலும் நடு எலும்பில் போய் உட்கார்ந்தன. விரல் நுனிகள் முதுகில் ஒன்றையொன்று தொட்டன, அவ்வளவு சின்ன உடம்பு. "ஒண்ணு, ரெண்டு, மூணு, மூச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, மூச்சு." பொம்மையில் கேட்கிற டக் சத்தம் இதில் இல்லை. எலும்பு நசுங்கிக் கொடுத்து, மெதுவாகத் திரும்பி வந்தது. உயிரோடிருக்கிற ஒரு பொருள் இவ்வளவு மெத்தென்று இருக்குமா என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"சிஸ்டர்" என்றார் பாறை, "பை ரொம்ப லேசா அமுங்குது."

"பேசாதீங்கண்ணே. எண்ணிக்கையைப் பாருங்க."

ஒண்ணு, ரெண்டு, மூணு, மூச்சு. அந்தப் பக்கம் டாக்டர் ரத்தத்தோடு போராடிக்கொண்டிருந்தார். "இங்க ஒரு பாட்டில் ரத்தம் கொண்டாங்க" என்று குரல் வந்தது. இவள் திரும்பவில்லை. ஒரு நிமிஷம் முடிந்ததும் கையை நிறுத்திக் குழலை வைத்தாள். விரல் மேசையைத் தட்டியது.

மூன்று தட்டு.

நாற்பது இருந்தது முப்பதாகிவிட்டது. இவ்வளவு சுத்தமாக, வகுப்பில் காட்டுகிற மாதிரியே அழுத்தியும் இறங்குகிறது. மறுபடி கட்டைவிரலை வைத்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. பாறை பையை அழுத்தினார். அப்போதுதான் அவள் பார்த்தாள். கண்ணால் பார்த்தாள் என்பதைவிட விரலுக்கடியில் தெரிந்தது. அவள் அழுத்தும்போது அந்த நெஞ்சு இறங்கியது. மூச்சு கொடுக்கும்போது அது எழும்ப வேண்டும். எழும்பவில்லை. ஒரு தடவைகூட எழும்பியிருக்கவில்லை.

"நிறுத்துங்க!"

குழந்தையின் தலையைப் பார்த்தாள். தாடை மார்பில் மோதுகிற அளவுக்குக் கழுத்து முன்னால் மடிந்திருந்தது. தோளுக்கு அடியில் வைத்த துணிச் சுருள் இல்லை. ஈரத்துண்டை உருவி எறிந்தபோது அதுவும் சேர்ந்து வாளிக்குள் போயிருந்தது. மடிந்த கழுத்துக்குள் காற்று எப்படிப் போகும்? முகமூடியின் விளிம்பில் கசிந்து, கன்னத்து வழியாகத்தான் இத்தனை நேரமும் வெளியே போயிருக்கிறது. பொம்மைக்கு இந்தக் கஷ்டம் வராது. அதன் கழுத்து விறைப்பான ரப்பர். அது வழுக்குவதும் இல்லை.

கையில் அகப்பட்ட துணியை மடித்துத் தோளுக்கு அடியில் செருகினாள். தாடையைத் தூக்கினாள். வாயைத் திறந்து குழாயை விட்டபோது கட்டியாக ரத்தமும் சளியும் வந்தது. முகத்தைத் துடைத்து, முகமூடியைத் தானே இரண்டு கையாலும் பொருத்திப் பிடித்தாள். "இப்ப அழுத்துங்கண்ணே."

பாறை அழுத்தினார். நெஞ்சு எழும்பியது.

"வருது சிஸ்டர்" என்றார். எதற்கும் அசையாத மனுஷனின் குரல் உடைந்திருந்தது.

முப்பது விநாடி, மூச்சு மட்டும். கேட்டாள். ஐந்து தட்டு. ஐம்பது. இன்னும் அறுபது ஆகவில்லை. இப்போது நெஞ்சைப் பிடிக்கலாம். முகமூடியைப் பொருத்திப் பிடிக்க மயக்க டாக்டரின் உதவியாளரைக் கூப்பிட்டுக்கொண்டு, மறுபடி மார்பைச் சுற்றி வளைத்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, எழும்பியது. ஒண்ணு, ரெண்டு, மூணு, எழும்பியது. ஒவ்வொரு தடவையும் எழும்புகிறதா என்று பார்த்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம். கேட்டாள். விரல் தட்டத் தட்ட அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. ஒன்பது. கையை எடுத்தாள். மூச்சு மட்டும் தொடர்ந்தது. நூற்றுப்பத்து. நூற்றுமுப்பது. சுண்ணாம்பு நிறத்துக்குள் எங்கிருந்தோ ஒரு சிவப்பு, மார்பிலிருந்து கழுத்துக்கு ஏறியது. எட்டாவது நிமிஷத்தில் குழந்தை தானாக ஒரு மூச்சு இழுத்தது. பத்தாவதில் கதவுக் கீல் முனகுவதுபோல ஒரு சத்தம் போட்டது.

குழந்தை டாக்டர் ஓடி வந்தபோது இவள் சுவரில் முதுகை வைத்து நின்றிருந்தாள். அவர் குழந்தையைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார், "நல்லாப் பண்ணியிருக்கீங்க சிஸ்டர்" என்றார்.

அந்த வார்த்தை கன்னத்தில் அறைந்ததுபோல விழுந்தது.

ஒரு மணி நேரத்தில் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நாற்பது நிமிஷ தூரம். மூளைக்குக் காற்று குறைந்த குழந்தையின் உடம்பை மூன்று நாள் குளிர்வித்து வைக்கிற வசதி அங்கேதான் இருந்தது. நாத்தனாருக்கு ரத்தம் நின்றது, கர்ப்பப்பை தப்பியது. சாயங்காலத்துக்குள் கண் திறந்தாள்.

இவள் கேஸ் தாளை எடுத்து எழுதினாள். எத்தனை மணிக்கு எது என்று வரிசையாக. முதல் தொண்ணூறு விநாடி மூச்சு உள்ளே போகவில்லை, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்கவில்லை, உதவியாளர் எச்சரித்தும் கவனிக்கவில்லை என்றும் எழுதினாள். பிரசவ டாக்டர் அதைப் படித்தார். பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும். நானும் அதை மறைக்கச் சொல்லமாட்டேன். ஆனா நஞ்சு பிரிஞ்சு எவ்வளவு நேரமாச்சுன்னு யாருக்கும் தெரியாது. அந்தக் குழந்தை வெளியே வரும்போதே பாதி போயிருந்துச்சு. நீ இல்லேன்னா மீதியும் போயிருக்கும். அதையும் நினைச்சுக்கோ."

"நினைச்சுக்கறேன் மேடம்" என்றாள். நினைக்க முடியவில்லை.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் சீருடைச் சட்டையைக்கூட மாற்றாமல், அதன் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அவகிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லணும்."

"ஆறு வருஷம் கழிச்சு அவ வாயில அண்ணின்னு வந்திருக்கு. இப்பப் போய் இதைச் சொல்லுவியா? நெல்லைக் கொட்டினா அள்ளிடலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாதுன்னு உனக்குத் தெரியாததா?"

"அன்னிக்குச் சொல்லக்கூடாததைச் சொன்னேன். இதைச் சொல்லாம இருந்தா அவ முகத்தைப் பார்த்து ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாதுங்க."

அவர் மறுநாள் கூடப் போக லீவு போட்டுவிட்டு வந்தார். ஆனால் குழந்தை இருக்கிற இடத்துக்கு நாத்தனாரால் எழுந்து போக முடிந்தது ஐந்தாவது நாள்தான். அவள் பிள்ளையைக் கண்ணால் பார்த்த பிறகே சொல்வது என்று இவள் காத்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை. குளிர்வித்த உடம்பை அப்போதுதான் மெல்லச் சூடாக்கி முடித்திருந்தார்கள். வலிப்பு ஒரு தடவை வந்து நின்றிருந்தது. பக்கத்தில் நாற்காலியில், தையல் இழுக்காமல் இருக்க வயிற்றில் தலையணையை அணைத்தபடி நாத்தனார். அவள் வீட்டுக்காரர் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார்.

இவள் நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. துணிச் சுருள் வாளிக்குப் போனது, கழுத்து மடிந்தது, பாறை சொன்னது, தான் அவர் வாயை அடைத்தது, ஒன்றரை நிமிஷம். எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்பு என்ற வார்த்தையைக் கடைசியில் வைத்திருந்தாள். அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

நாத்தனார் பெட்டியையே பார்த்தபடி சொன்னாள்:

"ஆம்புலன்ஸ்காரர் கேட்டாரு. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாமா, ரேடியோவுல சொன்னா டாக்டரெல்லாம் தயாரா நிப்பாங்கன்னு. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏம்மா?"

"ஊர் ஆஸ்பத்திரியிலயே எங்க அண்ணி இருக்காங்கன்னு சொன்னேன்."

இவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது நிமிஷம் போயிருந்தால் இரண்டு உயிரும் வழியிலேயே போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நர்ஸாக அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், உயிர் போகிற நேரத்தில் தன்னை நம்பி வந்தாள் என்பதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்றே புரியவில்லை.

"போங்க அண்ணி" என்றாள் நாத்தனார். கோபமாகச் சொல்லவில்லை. "இப்பப் போயிடுங்க. என்னால இப்ப உங்களைப் பார்க்க முடியல."

போய்விட்டாள். கீழே படிக்கட்டில் புருஷன் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு பையை வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் விசாரணை என்று ஒன்று நடந்தது. நாலு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். எச்சரித்துவிட்டார்கள். குழந்தை டாக்டர் இல்லாத மணி நேரங்களுக்கு இனி யார் பொறுப்பு என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அவள் அதற்குள் பொம்மையையே மாற்றிவிட்டிருந்தாள். கழுத்து ரப்பரைக் கத்தியால் கீறித் தொளதொளவென்று ஆக்கினாள். வகுப்புக்கு முன்னால் அதன் முகத்தில் எண்ணெய் தடவினாள். யாருக்கும் முகமூடி நிற்கவில்லை. "சிஸ்டர், இது கெட்டுப்போச்சு" என்று புகார் சொன்னார்கள். "கெட்டுப்போனதுலதான் பழகணும்" என்றாள். பையைப் பிடிக்கிறவர் எது சொன்னாலும் அழுத்துகிறவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு விதி வைத்தாள். அதை முதலில் சோதித்துப் பார்த்தவர் பாறை. "சிஸ்டர், டீ வேணும்" என்றார்.

இரண்டரை மாசம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, போன் வந்தது. நலமா என்று கேட்கவில்லை, முன்னுரை எதுவும் இல்லை.

"அண்ணி, பால் குடிக்கும்போது இருமுறா. முகம் சிவந்து போகுது. என்ன பண்ண?"

"தலையைக் கொஞ்சம் நிமித்திப் பிடி. ஒரேயடியாக் குடுக்காதே, நடுவுல நிறுத்தி நிறுத்திக் குடு. நான் வரட்டுமா?"

"வாங்க" என்றாள்.

அப்படித்தான் ஒவ்வொரு கேள்வியாக அவள் அந்த வீட்டுக்குள் போனாள். ஆறாம் மாசத்தில் ஒரு நாள் குழந்தையை மடியில் வைத்திருந்தபோது, இடது கை மூடியே இருப்பதைப் பார்த்தாள். வலது கை விரிந்து அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது. இடது கைக் கட்டைவிரல் மட்டும் முஷ்டிக்குள் சிக்கிக் கிடந்தது. மெதுவாகப் பிரித்துவிட்டாள். மறுபடி உள்ளே போனது. பிறந்தபோது மூளைக்குக் காற்று குறைந்ததால் இடது பக்கத் தசை இறுகுகிறது என்று அவளுக்குத் தெரியும். மறுபடியும் நல்லதில்லாத ஒன்றைத் தன் வாயால்தான் சொல்ல வேண்டுமா என்று ஒரு கணம் குழந்தையின் தலைக்கு மேலே முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சொன்னாள். இந்தத் தடவை நாத்தனார் போகச் சொல்லவில்லை. "என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டாள்.

பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள். ஒரு நாள் அம்மா கூட்டிப்போவாள், ஒரு நாள் இவள். விரலைப் பிரிக்கிறது, மணிக்கட்டை மடக்கி நீட்டுகிறது, இடது கையில் பொருளைக் கொடுக்கிறது. பயிற்சி கொடுக்கிறவர், "லேசாத்தான் இருக்கு, விடாம செஞ்சா நல்லா வரும்" என்றார். இருபத்தோராம் மாசம் குழந்தை நடந்தது. இடது கால் கொஞ்சம் பின்வாங்கி வந்தது. பேச்சு மட்டும் எங்கேயும் தங்கவில்லை. வீட்டில் மாமன் ஒருத்தர் வாய் ஓயாமல் பஸ் கதை சொல்கிறவராக இருக்கும்போது அதுவும் பின்தங்கினால்தான் ஆச்சரியம்.

அந்தக் கேள்வியை நாத்தனார் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், குழந்தையின் காலுறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு.

"அந்த ஒன்றரை நிமிஷம்தானா அண்ணி?"

"தெரியலம்மா. அதுக்கு முன்னாடி வயித்துக்குள்ளேயே எவ்வளவு நேரம் காத்து இல்லாம இருந்தாளோ. டாக்டருங்களும் சொல்ல முடியாதுங்கறாங்க. இல்லேன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல."

நாத்தனார் காலுறையின் ஜோடியைத் தேடி எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்தாள். "சரி" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது மன்னிப்பா, இல்லை களைப்பா என்று இவள் இன்றுவரை கேட்கவில்லை.

குழந்தைக்கு இப்போது மூன்றரை வயது. போன மாதம் மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் இரண்டு பேரும் கூடப் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குழந்தை யாரையும் பின்தொடரவிடாமல் பையை மாட்டிக்கொண்டு தனியாக நடந்தாள். கதவுக்கு முன்னால் மூன்று படி. இரண்டாவது படியில் இடது கால் தட்டிவிட்டது. முகங்குப்புற விழுந்தாள்.

பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஓடுவதற்குள் குழந்தை வலது கையை ஊன்றி, அப்புறம் இடது கையையும் ஊன்றி எழுந்துவிட்டாள். முழங்காலைப் பார்த்தாள். திரும்பி இவர்களைப் பார்த்து, "ஒண்ணுமில்ல அத்தை, அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க" என்று அதட்டிவிட்டு உள்ளே போனாள்.

நாத்தனாரின் கை இவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, எலும்பு வலிக்கிற அளவுக்கு. கதவு சாத்தின பிறகும் அவள் அதை விடவில்லை.